பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

மெரீன் அங்கிளை நினைத்தால் ஒரு துண்டுத் தாள்தான் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து அடிமட்டம் வைத்து நேராகக் கிழித்த தாள். மேலே வரிசை எண், தேதி. நடுவில் ‘பழுப்பு நிறக் கோப்பு ஒன்று, நூற்றுப் பதினேழு தாள்கள்’ என்று விவரம். கீழே ‘பெற்றுக்கொண்டவர் கையொப்பம்’ என்று எழுதி ஒரு கோடு. ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் என் வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு, கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி, அந்தத் தாளை மட்டும் கம்பி இடுக்கு வழியாக நீட்டினார். “இதிலை ஒரு கையெழுத்து வைச்சுவிடும், பிள்ளை. பிறகு கோப்பைத் தாறன்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்கிள், நான் என்ன பேங்கா?” என்றேன். “பேங்க் எண்டால் ரெண்டு கையெழுத்துக் கேட்டிருப்பன்” என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

அப்போது நான் இருபத்து நான்கு வயதுப் பெண். ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. வேலை முடிந்தால் போர்க்கப்பல்தான் உலகம். புகைக்கூண்டின் சாய்வைப் பார்த்தே இது எந்த நாட்டுக் கப்பல், எந்த வகை என்று சொல்லிவிடுவேன். கல்யாணப் பேச்சை எடுத்த உறவுக்காரர்களிடம்கூட ஜொகூர் நீரிணையில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பற்றிப் பேசி அவர்களை ஓட வைத்திருக்கிறேன். போர்க்காலத்தில் ஆங்கிலேயரும் ஜப்பானியரும் இந்தத் தண்ணீரில் ஒருவரை ஒருவர் எப்படி வேவு பார்த்தார்கள் என்று நூலகத்தில் ஒரு முறை அரை மணி நேரம் பேசினேன். வந்திருந்த பதினோரு பேரில் கடைசி வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மெரீன் அங்கிள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு பின்னால் குடியிருந்தார். மெரீன் டிபார்ட்மென்ட் என்ற துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றதால் தாமான் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். யாழ்ப்பாணத்து வம்சம். மனைவி இறந்து பல வருடம், ஒரே மகள் ஆஸ்திரேலியாவில். வயது எண்பத்தாறு.

கோப்பில் இருந்த நூற்றுப் பதினேழு தாள்களும் அவர் தன் அப்பாவைப் பற்றி எழுதிய கடிதங்களின் நகல்கள். லண்டனுக்கு, தோக்கியோவுக்கு, கோலாலம்பூருக்கு என்று ஐம்பது வருடத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது, நகல் இருந்தது, வந்த பதிலும் பின்னால் குத்தப்பட்டிருந்தது. பதில்கள் எல்லாம் ஒன்றுதான்: தாங்கள் கேட்ட விவரம் எங்களிடம் இல்லை.

அவருடைய அப்பாவும் எழுத்தர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் ஜொகூர் பாரு துறைமுக அலுவலகத்தில் இருபது வருடம் வேலை செய்தவர். ஜப்பான்காரன் வந்ததும் அதே நாற்காலியில் அவரை உட்கார வைத்தான். துறைமுகத்தின் வேலை தெரிந்த ஆள் அவனுக்கு வேண்டியிருந்தது. பழைய எசமானருக்கும் அங்கே ஒரு ஆள் வேண்டியிருந்தது. கப்பல் உளவு என்றால் எல்லோரும் தொலைநோக்கியோடு பாறை மேல் படுத்திருக்கும் ஆளைக் கற்பனை செய்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் எல்லாம் தெரியும். ஒரு கப்பல் எத்தனை டன் குடிதண்ணீர் கேட்கிறது, எவ்வளவு நிலக்கரி ஏற்றுகிறது, வழிகாட்டிப் படகை எத்தனை மணிக்கு வரச்சொல்கிறது, இந்த மூன்றும் கையில் இருந்தால் அது எவ்வளவு தூரம் போகிறது, எப்போது புறப்படுகிறது என்று சொல்லிவிடலாம். அங்கிளின் அப்பா அதை எழுதிக் கொடுத்தார். அன்னாசி ஏற்றும் லோரியில் அது மேற்குக் கடற்கரையில் இருக்கும் பொந்தியானுக்குப் போனது. அங்கே மீன் பிடிக்கிறவர்களும் தென்னந்தோட்டத்து ஆட்களுமாக ஒன்பது பேர் மாற்றி மாற்றி அதை வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். கடலில் வெள்ளைக்காரனின் நீர்மூழ்கிக் கப்பல் வந்து காத்திருக்கும்.

அங்கிளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒரு காலை, ஜப்பானியக் கடற்படையின் உளவுத் தடுப்பு ஆட்கள் வந்து அப்பாவைச் சாப்பாட்டு மேசையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் பொந்தியானில் ராணுவ வண்டிகள் இறங்கின. யாரிடமும் வழி கேட்கவில்லை. ஒன்பது வீட்டு வாசலுக்கும் நேராகப் போனார்கள். ஒன்பது பேரும் திரும்பவில்லை, அங்கிளின் அப்பாவும் திரும்பவில்லை. சண்டை முடிந்ததும் திரும்பி வந்த வெள்ளைக்கார அரசாங்கத்திடமிருந்து அந்த ஒன்பது குடும்பங்களுக்கும் முத்திரை வைத்த நன்றிக் கடிதம் வந்தது. அங்கிளின் அம்மா போட்ட மனு ‘ஐயத்துக்குரியது’ என்ற ஒரே வார்த்தையோடு திரும்பி வந்தது. பொந்தியானில் யாருக்கும் ஐயம்கூட இல்லை. எழுத்தரை அவர்கள் கிராணி என்பார்கள். கிராணி அடி தாங்காமல் பெயர்களைக் கக்கிவிட்டான், அவ்வளவுதான்.

வருடா வருடம் ஆடி அமாவாசையன்று அந்தக் குடும்பங்கள் பொந்தியான் ஜெட்டியில் கூடித் தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, ஒன்பது பெயரையும் உரக்கப் படிப்பார்கள். அங்கிள் இருபது வயதில் ஒரு தடவை அங்கே போயிருக்கிறார். யாரோ ஒருவர் அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து நிறுத்தி, “ஒங்கப்பன் பேரச் சொல்ற எடம் இது இல்ல” என்றாராம். இதைச் சொல்லும்போது அங்கிள் தன் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்து இடத்தைக் காட்டினார். “அப்பா சொல்லியிருக்க மாட்டார், பிள்ளை. அது எனக்குத் தெரியும். ஆனால் தெரியும் எண்டு சொன்னால் யார் கேக்கினம்? தாள் வேணும். அவரின்ர பேரை அங்கை ஒருக்கா வாசிக்க வேணும். ஒருக்காப் போதும்.”

எட்டு மாதம் தேடினேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். போர் முடிந்தபின் கைப்பற்றப்பட்ட ஜப்பானியக் காகிதங்கள் ஒரு வெளிநாட்டுக் காப்பகத்தில் இருந்தன. அதன் அட்டவணையில் ‘ஜொகூர் துறைமுக எழுத்தர், விசாரணை’ என்று ஒரு வரியைப் பார்த்த அன்று தொழிற்சாலைக் கழிவறையில் நின்று குதித்தேன். பணம் கட்டினேன். நான்கு பக்கம் மின்னஞ்சலில் வந்தது. ஜப்பானில் படித்துவிட்டு வந்த என் பள்ளித் தோழன் ஒருவன் இருந்தான். பழைய கையெழுத்து, ஒரு பக்கத்துக்கே ஒரு வாரம் ஆகும் என்று அலுத்துக்கொண்டுதான் வாங்கினான். முதல் பக்கத்தை முடித்ததும் குரல் செய்தி அனுப்பினான். நான் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “ஏய், கேளு லா. ‘சந்தேக நபர் ஏழு நாள் கடும் விசாரணையிலும் வாய் திறக்கல, ஒரு பேர்கூட சொல்லல’ன்னு போட்டிருக்கான். தெளிவா இருக்கு. ஒன் அங்கிள் ஜெயிச்சிட்டாரு.”

மற்ற மூன்று பக்கம் வரட்டும் என்று வேறு யாராக இருந்தாலும் காத்திருப்பார்கள். நான் அரை நாள் விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு நேராகப் பொந்தியானுக்கு வண்டியை விட்டேன்.

அமாவாசை வழிபாட்டை நடத்துகிறவர் ஒரு அக்கா. ஒன்பது பேரில் ஒருவரின் பேத்தி. ஜெட்டிக்குப் போகிற வழியில் ஒட்டுக்கடை போட்டு வாழைப்பழம் பொரித்து விற்கிறார். நான் யாருக்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினார். “யாரு, அந்த கிராணி மவனுக்காகவா? அலமாக்! அந்தாளு இன்னும் இருக்காரா? எங்கப்பா சாகுற வரைக்கும் அந்த வீட்ட சபிச்சிக்கிட்டே செத்தாரு, தெரியுமா?” நான் அலைபேசியை நீட்டினேன். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அந்தக் குரல் செய்தியை மூன்று முறை கேட்டார். அடுப்பில் பழம் கருகியது. “சரி, அவரு சொல்லல. அப்ப யாரு சொன்னது?” என்றார்.

அந்தக் கேள்வியை நான் அங்கேயே பிடித்திருக்க வேண்டும். “அது மத்தப் பக்கத்துல வரும்க்கா” என்றேன், ஏதோ பேருந்து வரும் என்பது போல.

அக்கா கருகிய பழத்தை அரித்தெடுத்துக் குப்பையில் போட்டார். “எழுபது எம்பது வருசம். தப்பான ஆள திட்டிட்டோம்னா அதுவும் பாவம்தானே. அமாவாசைக்கு வரச் சொல்லு. மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா ஒன்னு, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு தொரை மாதிரி வந்து நிக்க வேணாம்னு சொல்லு லா.”

முதல் பக்கத்தின் நகலைக் கொடுத்து அங்கிளிடம் அப்படியே சொன்னேன். அவர் தான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு, “அப்ப நீலம் போடலாமோ?” என்று கேட்டார். மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு போய் இளநீலத்தில் ஒரு சட்டை வாங்கினார். அமாவாசைக்கு இருந்த மூன்று வாரமும் அவர் நடந்த நடை வேறு. கடைக்காரனிடம் விலை பேசினார், பக்கத்து வீட்டு நாயை அதட்டினார், மகளிடம் ஃபோனில் சத்தமாகச் சிரித்தார். ஒரே ஒரு தடவை மட்டும், முதல் பக்கத்தின் மூலையைத் தொட்டு, “இதிலை நாலில் ஒண்டு எண்டு கிடக்கு. மற்ற மூண்டும்?” என்றார். “வரும் அங்கிள்” என்றேன்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் தோழன் குரல் செய்தி அனுப்பாமல், தொழிற்சாலை வாசலுக்கே வந்து நின்றான். தட்டச்சு செய்த தாள்களைக் கையில் கொடுத்து, “நீயே படி” என்றான்.

இரண்டாம் பக்கம்: கைதான மூன்றாம் நாள், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டைச் சோதித்ததில், அரிசிப் பானைக்கு அடியில் தரைப்பலகையைப் பெயர்த்தபோது, மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு கோப்பு கிடைத்தது. பொந்தியானுக்கு அனுப்பிய ஒவ்வொரு அறிக்கைக்கும் அதில் நகல் இருந்தது, எண் வரிசைப்படி. அதோடு ஒரு பட்டியல். தேதி, அறிக்கை எண், வாங்கிக்கொண்டவர் பெயர், குடியிருக்கும் இடம், கையொப்பம் அல்லது கைநாட்டு. லோரிக்காரன் ஒவ்வொரு தடவையும் அறிக்கையோடு ஒரு துண்டுத் தாளைக் கொண்டுபோய், கைநாட்டு வாங்கித் திரும்பக் கொண்டுவந்திருக்கிறான். இவர் அதைப் பட்டியலில் ஒட்டியிருக்கிறார். விசாரணை அதிகாரி கீழே எழுதியிருந்தான்: ‘நமது அலுவலகக் குறிப்பேடுகளைவிட ஒழுங்காக உள்ளது. ஒன்பது பேரை அடையாளம் காண விசாரணை தேவைப்படவில்லை.’

மூன்றாம் பக்கத்தில், இதை ஏன் வைத்திருந்தாய் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் இருந்தது. ஏழு நாளில் அவர் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான். ‘இவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாளைக்கு அரசாங்கம் திரும்பி வந்து யார் வேலை செய்தார்கள் என்று கேட்கும்போது, கையில் தாள் இல்லாதவனை எந்த அலுவலகமும் நம்பாது.’

நான் படித்த உளவுக் கதைகளில் எல்லாம் முதல் பாடமே எதையும் எழுதி வைக்காதே என்பதுதான். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்கு உளவு தெரியாது, அலுவலகம் தெரியும். தோட்டத்து ஆட்கள் தாள் இல்லாமல் எத்தனை முறை அந்த மேசை முன்னால் நின்று திரும்பிப் போனார்கள் என்று இருபது வருடம் பார்த்த மனிதர். அந்த ஒன்பது பேருக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் கைநாட்டு வாங்கினார். அதை வைத்துத்தான் அவர்களைப் பிடித்தார்கள்.

தோழன் என் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “சொல்லாத லா. அமாவாசை முடியட்டும். ஒரு நாள்தானே, அவரு அப்பா பேர படிக்கட்டும். அப்பறமும் சொல்லாத.” சரி என்றுதான் கிளம்பினேன். தாள்களை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, அங்கிள் வீட்டு வாசலில் இறங்கும் வரைக்கும் அந்த உறுதி இருந்தது. சாயங்கால வெயிலில் அவர் கொடியிலிருந்து நீலச் சட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “மற்றப் பக்கங்கள் வந்திட்டுதோ?” என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை; இருக்கைக்கு அடியிலிருந்து தாள்களை எடுத்துவந்து கொடுத்துவிட்டேன். வேகமாகப் பேசுகிறவளுக்குப் பொய் சொல்வதற்கு நேரம் கிடைப்பதில்லை.

மேசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஒரு பக்கம் விடாமல் படித்தார். நான்காம் பக்கம் அந்தப் பட்டியலின் படம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, அவருடைய அப்பாவின் ஆங்கிலக் கையெழுத்து அது. ஒன்பது பெயர்கள், திரும்பத் திரும்ப. பெயருக்கு எதிரே கறுப்பு மையில் கட்டைவிரல்கள். ஐந்து வயதுக்குப் பிறகு அப்பாவின் எழுத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி வந்தார். எண்கள் விட்டுப்போகாமல் இருக்கின்றனவா என்று பார்த்தார் என்றே நினைக்கிறேன். கடைசி வரியில் விரல் நின்றது. “எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு, பிள்ளை” என்றார். அதற்குப் பிறகு அவர் குரல் பழையபடி திரும்பவே இல்லை.

நாம் போகவேண்டாம் அங்கிள் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். “இது அவையின்ர கைநாட்டு. அவையளிட்டைத்தான் போகவேணும்.”

அமாவாசையன்று ஜெட்டியில் இருபது பேர் இருந்திருப்பார்கள். வாழை இலையில் தேங்காய், பழம், சூடம். அக்கா அவரைப் பார்த்து, “நீலமா? பரவால்ல, நல்லாத்தான் இருக்கு” என்று சிரித்துக்கொண்டே வந்தார். கையில் உரக்கப் படிக்கவேண்டிய பெயர்ப் பட்டியல். ஒன்பது பெயருக்குக் கீழே பத்தாவதாக நீல மையில் அவருடைய அப்பாவின் பெயர். அங்கிள் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு நான்கு பக்கத்தையும், நான் தமிழில் எழுதி வைத்திருந்ததையும் நீட்டினார். “நான் மன்னிப்புக் கேட்க வரேல்லை, அம்மா. அதுக்கு எனக்கு வாயில்லை. இது உங்கட தாள். தந்திட்டுப் போக வந்தனான்.”

அக்கா படித்து முடிக்கும் வரை மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் நான்காம் பக்கத்தில் தன் தாத்தாவின் பெயரைத் தேடி, எதிரே இருந்த கட்டைவிரல் ரேகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த மனிதருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. “இதான் எங்க தாத்தாவா?” என்றார். பிறகு மெதுவாக, “காட்டிக் குடுத்தவன்னா திட்டலாம். நல்லவன்னா கும்புடலாம். இந்தாள நான் என்னா பண்றது, சொல்லுங்க?” என்றார். பின்னால் நின்ற ஒரு கிழவர், “இத்தன வருசம் கழிச்சி எதுக்கு இதத் தோண்டுன நீ?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அக்கா பேனாவை எடுத்துப் பத்தாவது பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். அங்கிள் சரி என்பதுபோலத் தலையசைத்தார். ஒரு பிழையைத் திருத்தியதை மேலதிகாரி ஒப்புக்கொள்வதுபோல.

பெயர்கள் படிக்கப்பட்டபோது நாங்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றோம். அங்கேயும் கேட்டது. ஒன்பதும் கேட்டது. பிறகு தேங்காய் உடையும் சத்தம். “போவம்” என்றார் அங்கிள். திரும்பும் வழி முழுக்க அன்னாசித் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். தீபாவளிக்கு முன்னால் இறந்துபோனார். மூச்சுத் திணறல் என்றார்கள். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் எதற்கு என்று கேட்டிருப்பார். அவர் கேட்ட தாளைத்தானே நான் கொண்டுவந்து கொடுத்தேன்.

இப்போது நான் கப்பல்களைப் பற்றி எங்கும் பேசுவதில்லை. நீரிணையில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, எந்த ஊருக்குப் போகிறது என்று கையிலிருக்கும் அலைபேசியே காட்டுகிறது, காசு இல்லாமல். பொந்தியானுக்கு மட்டும் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் போகிறேன். இருபது பேர் அடுத்த வருடம் பன்னிரண்டு ஆனார்கள், அதற்கடுத்த வருடம் ஐந்து. “முன்னெல்லாம் அந்த கிராணிய திட்டுறதுக்காவது வருவானுங்க” என்றார் அக்கா, வாழைப்பழம் சீவிக்கொண்டே. போன ஆடியில் நானும் அவரும் மட்டும்தான். முட்டி வலிக்கிறது என்று ஜெட்டிப் படியில் உட்கார்ந்துகொண்டு, பட்டியலை என்னிடம் கொடுத்து, “நீ படி” என்றார். அதே தாள், மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. ஒன்பது பெயரையும் கடலைப் பார்த்து உரக்கப் படித்தேன். கோட்டுக்கு அடியில் பத்தாவது பெயரும் தெளிவாகத்தான் தெரிந்தது. அதையும் படிக்கட்டுமா என்று அக்காவைப் பார்த்தேன். அவர் சூடம் அணைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ்வளவுதான் லா” என்றார். “வா, போலாம்.”